கிழக்குச் சூலமும் ஆயுதப் பெட்டியும்

எங்கள் வீட்டில் கார் திருத்துகிற ஆள் நான்தான். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் என்னை விட்டுவிட்டு என் கணவரைத்தான் பார்ப்பார்கள், பாவம் என்பதுபோல. இவர் யாழ்ப்பாணத்தில் கணித வாத்தியாராக இருந்தவர். அட்சர கணிதத்தில் புலி. பொனட் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டால் முழிப்பார்.

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து நியூ லின்னில் ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்தோம். இவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. எனக்கு முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. எங்கள் கலியாணத்தைவிட வயது கூடிய ஒரு ஸ்டேஷன் வேகனையும் வாங்கினோம். வாங்கின இரண்டாம் மாதமே அது இருமத் தொடங்கியது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். கேள்வி கேட்டது நான், அந்த மனிதர் பதில் சொன்னது இவருக்கு. நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் இவருக்கே சொன்னார். இவரோ ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்தில் காரை அப்படியே திருப்பிக்கொண்டு நேரே நூலகத்துக்குப் போய், அந்தக் காருக்கான திருத்தக் கையேட்டை இரவல் எடுத்தேன்.

திருப்பிக் கொடுத்து, மறுபடி எடுத்து, அந்தப் புத்தகத்தில் என் எண்ணெய் விரல் படாத பக்கம் இல்லை என்றாகிவிட்டது. "இதைச் சமையலறையில் வைத்தா வாசிக்கிறீர்கள்?" என்று நூலகத்துப் பெண் ஒருநாள் கேட்டாள். ஆமென்றேன். பொய்யில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில்தான் பரப்பி வைத்திருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கார் ஓடத் தகுதியானது என்று வாரண்ட் எடுக்கவேண்டும். முதல்முறை என் கையால் திருத்தி வாரண்ட் எடுத்த அன்று பாயாசம் காய்ச்சினேன். இவர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "நீர் எஞ்சினியரா வந்திருக்கவேண்டிய ஆள்" என்றார். நக்கல்தான். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விசா முடிய எட்டுக் கிழமை, இரண்டே மாதம், இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. கிழக்குக் கரையில், நாட்டிலேயே முதலில் வெயில் விழுகிற முனைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் வேண்டுமாம். இந்த ஊர்க்காரர் ஒருவரும் அங்கே போக விரும்பாததால் எங்களைப் போன்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகம். அந்த வேலை கிடைத்தால் இங்கே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் திரும்பிப் போகவேண்டும். ஊரில் அப்போது திரும்பிப் போகிற நிலைமை இல்லை. என் தம்பியை ஆமிக்காரர்கள் ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்து விட்டிருந்தார்கள். "என்ன வந்தாலும் இஞ்சை வந்திடாதையுங்கோ" என்று அம்மா எழுதின வரி எனக்கு மனப்பாடம். எனக்குப் பயமாக இருந்தது. இவருக்கும் பயம்தான். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போகவேண்டிய தூரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேலே. அதில் கடைசிப் பகுதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. வீடுகளே மைல்கணக்கில் இராது என்றார்கள். சனி மத்தியானத்துக்குப் பிறகு கடைகள் பூட்டிக் கிடக்கிற காலம் அது. பெற்றோல் எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸை நம்பினால் திங்கட்கிழமைக்குப் போய்ச் சேரமுடியாது. ஆகவே கார்தான்.

இரண்டு வார இறுதிகள் காருக்கு அடியில் கிடந்தேன். பிரேக் கட்டைகளை மாற்றினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளி பார்த்துப் போட்டேன். சைலென்சரில் விழுந்திருந்த ஓட்டைக்குப் பால்மா டின் ஒன்றை வெட்டிச் சுற்றி, பசை பூசி, கம்பியால் இறுக்கினேன். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயை அமுக்கிப் பார்த்தபோது ஒரு முனை சற்றுத் தொளதொளவென்று இருந்தது. புதுக்குழாய் ஒன்று வாங்கிவந்தேன். ஆனால் மாட்டவில்லை. பழையது இன்னும் கொஞ்சம் தாங்கும், புதிதை ஸ்பெயராக வைத்திருப்போம் என்று நினைத்தேன். புதிய துவாயை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் கிழிந்ததால் துடைக்கிற சனம்தானே நாங்கள். அது நான் விட்ட பிழை.

அந்தக் குழாய், ஃபேன் பெல்ட், ஸ்பனர்கள், ஸ்குரூ டிரைவர்கள், குறடு, கம்பிச்சுருள், டேப் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போயின. அதைத்தான் ஆயுதப் பெட்டி என்போம். வியாழன் பின்னேரமே அதைக் காரின் பின்பக்கத்தில் வைத்து, பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் கான்களை நிறுத்தி, மேலே தார்ப்பாயை இழுத்து மூடினேன்.

என் கணக்கு இது: கார் கிழடு, ஒரு நாள் கையில் இருக்கட்டும், சனிக்கிழமை விடியவே வெளிக்கிடுவோம். இவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சனிக்கிழமை கிழக்கை சூலம். அண்டைக்குக் கிழக்குப் பக்கம் பயணம் போகக்கூடாது."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை போய், வழியில கார் நிண்டால் திங்கட்கிழமை ஆரிட்டைப் போய்ச் சூலம் எண்டு சொல்லுறது?"

"அதுக்கு ஒரு வழி இருக்கு."

அந்த வழி எனக்கும் தெரிந்ததுதான். நாள் சரியில்லாவிட்டால் அதற்கு முந்தின நல்ல நேரத்தில், பயணத்துக்குரிய சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய்ப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடவேண்டும். அத்தோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் போகிறபோது அதை எடுத்துக்கொண்டு போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. இவரோடு வேலை செய்த பீஜி இந்தியர் ஒருவரின் வீடு தொழிற்சாலைக்குப் பக்கத்தில், எங்கள் வழியிலேயே இருந்தது. அவருடைய முன்னோர் நம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டப் போனவர்கள். இந்த வழக்கத்தைச் சொன்னதும் உடனே சரி என்றாராம்.

"என்னத்தையோ கொண்டுபோய் வையுங்கோ. அதோட ரெண்டு கரண்டி தயிரும் குடியுங்கோ, இன்னும் நல்லது" என்று சொல்லிவிட்டு நான் படுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடிய, என்னை எழுப்பாமல், இவர் தொழிற்சாலையின் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். வேட்டியும் தேங்காயும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். கார் நன்றாக ஓடியது. மோட்டர்வேயில் தெற்கே வந்து ஈஸ்ட் டாமாக்கிக்குத் திரும்புகிற இடம் வந்தபோது இவர், "அதில இறங்கும்" என்றார்.

"ஏன்?"

"பயணச் சாமான் எடுக்கவேணும்."

"உங்கட சாத்திரச் சாமானைத் திரும்பி வரேக்க எடுக்கலாம். மூண்டு மணிக்கு எழும்பிச் சமைச்சுப்போட்டு நிக்கிறன். அவற்றை வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைக்க இப்ப நேரமில்லை."

"நிப்பாட்டும் எண்டுறன்."

"நிப்பாட்டேல்லை எண்டுறன்."

இவர் வாயை மூடிக்கொண்டார். என் கோபம் சட்டென்று வெடித்து முடிந்துவிடும். இவருடையது உமி மாதிரி, சத்தமில்லாமல் நாள்கணக்கில் புகையும். அந்தத் திருப்பத்தைத் தாண்டி மலைகளைத் தாண்டி ஐந்து மணித்தியாலம் ஓடியும் இவர் ஒரு சொல் பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு ஆற்றோரத்தில் நிறுத்தி, ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுவந்த புளிச்சோற்றை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

கடைசிப் பட்டினத்தைத் தாண்டி ஒரு மணித்தியாலம் போயிருப்போம். ஒரு ஏற்றத்தில் பொனட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தினேன். மேல் ரப்பர் குழாய், நான் தொளதொளவென்று கண்ட அதே முனையில், பிளந்திருந்தது. நான் பதறவில்லை, உண்மையாகவே பதறவில்லை. புதுக்குழாய் இருக்கிறதே. "இருவது நிமிசம்" என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து தார்ப்பாயைத் தூக்கினேன்.

இரண்டு தண்ணீர்க் கான்கள் இருந்தன. பெட்டி இல்லை.

"ஐயோ, பெட்டியைக் களவெடுத்திட்டாங்கள்!"

"களவு போகேல்லை" என்றார் இவர். ஐந்து மணித்தியாலத்தில் முதல் சொல்.

"பின்னை?"

"அவற்றை வீட்டில கிடக்கு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினதும் அந்தக் காடே கேட்கும்படி கத்தினேன். "கோதாரி! அந்தத் திருப்பத்தில வைச்சுச் சொல்லியிருக்கலாமே, ஆயுதப் பெட்டி எண்டு? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே?"

"நீர் சொல்ல விட்டனீரே? சாத்திரச் சாமான் எண்டு நக்கலடிச்சீர்."

"அதுக்காக? விசா போகட்டும், வேலை போகட்டும், இவருக்கு ரோசம்தான் பெரிசு!"

"உமக்கும்தான்."

இப்படி நாங்கள் ஒருவரையொருவர் வாயால் கிழித்துக்கொண்டிருந்தபோது, அந்த மண்ணின் ஆதிக்குடியான ஒரு மாவோரி மனிதர் குதிரையில் வந்தார். சேணம்கூட இல்லை, ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரையும் ஆவியையும் எங்களையும் பார்த்து, எல்லாம் சரிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான், கழுத்து நரம்பு புடைத்தபடி, எல்லாம் சரி, நன்றி என்றேன். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உமக்கு விசரே?" என்றார் இவர். "ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மனிசரைத்தான் காணலாம். வந்தவரையும் அனுப்பிப்போட்டீர்."

தெருவோரக் கல்லில் குந்திவிட்டேன். அப்போதுதான் பயம் நன்றாகப் பிடித்தது. சனி பின்னேரம், இடையில் ஞாயிறு மட்டும்தான். திங்கள் பத்து மணிக்கு அந்தக் கதிரையில் இவர் இருக்காவிட்டால் ஆறு கிழமையில் விமானம். தம்பியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

இவர் வந்து பக்கத்தில் நின்றார். நான் நிமிராமல் கேட்டேன். "வேற ஒண்டும் கிடைக்கேல்லையே உங்களுக்கு? ஒரு பழஞ்சீலையைச் சுத்திக்கொண்டுபோய் வைச்சிருந்தாலும் சூலம் போயிருக்குமே."

"முந்தி அரசர்மார் வாளைத்தான் முன்னுக்கு அனுப்புறவை" என்றார். "எது இல்லாட்டிப் பயணம் சரிவராதோ அதை அனுப்பவேணும். முதல் என்ரை சேர்ட்டிபிக்கேட்டைத்தான் எடுத்தனான். பிறகு யோசிச்சன். அந்தக் கடதாசி இல்லாட்டியும் போய்க் கதைக்கலாம். நீர் திருத்தாட்டி இந்தக் கார் நியூ லின்னையும் தாண்டாது."

எனக்கு அழுகை வந்தது. இவருடைய மண்டையில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு எழுந்து குழாயைப் பார்த்தேன்.

பிளவு முனையிலிருந்து ஒரு விரலளவுதான் உள்ளே போயிருந்தது. மற்றப் பகுதி இறுக்கமாகத்தான் இருந்தது. பிளந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுக் கட்டையான குழாயை இழுத்து மாட்டினால், மட்டுமட்டாக எட்டும். தோடம்பழம் வெட்டக் கொண்டுவந்த கத்தி இருந்தது. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கத்தி நுனியால், குழாயைப் பிடிக்கிற கிளிப்பின் திருகாணியைத் திருகித் தளர்த்தினேன். வந்தது. குழாயை அறுத்தேன். இவர் அதன் நடுவைப் பிடித்து ரேடியேட்டர் பக்கம் வளைத்துத் தர, நான் மூச்சைப் பிடித்து உள்ளே தள்ளினேன். எட்டியது! "எட்டிட்டுது, எட்டிட்டுது" என்று இவர் குழந்தை மாதிரிச் சொன்னார். திரும்பக் கிளிப்பை இறுக்கும்போது கத்தி நுனி டக்கென்று முறிந்தது.

அரைகுறையாக இறுகின கிளிப்போடு தண்ணீரை ஊற்றினோம். ஊற்ற ஊற்ற ஒழுகியது. சில்லறைக் காசை வைத்துத் திருகிப் பார்த்தேன், காசு தடிப்பு, ஆணியின் வெட்டுக்குள் போகவில்லை. இவர் தன் நேர்முகத்துக்கென்று வைத்திருந்த பேனையின் கிளிப்பைக் கழற்றித் தந்தார். அதுவும் வளைந்து போனது.

குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. அதே மனிதர். இறங்காமலே, காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள்ளிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை உருவி என்னிடம் நீட்டினார். கவனியுங்கள், இவரிடமில்லை, என்னிடம். எங்கே போய் எடுத்துவந்தார், எவ்வளவு தூரம் என்று ஒன்றும் சொல்லவில்லை. நான் இறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுத்தபோது, வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஒருமுறை இறுக்கவேண்டி வரும் என்றார். முதலில் பொய் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும் என்றேன். சிரித்தார்.

அவர் சொன்னது சரி. ஒருமுறை இல்லை, ஏழெட்டு முறை இறுக்கினேன். அன்று ஒரு கடற்கரையில் காருக்குள்ளேயே படுத்தோம். ஞாயிறு முழுக்க ஊர்ந்தோம். பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி எஞ்சினை ஆறவைத்து, ஓடைகளில் இவர் இறங்கிக் கான்களை நிரப்பிக்கொண்டு வந்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். வழியில் பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் டெலிபோன் கூண்டு இருந்தது. பீஜிக்காரருக்கு எடுத்தோம். பெட்டி பத்திரமாக இருக்கிறதாம், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கும் ஏற்றியிருக்கிறாராம். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

அந்த வழியெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தேன். "பேயும் இருக்காது இந்த இடத்தில. ஒரு கடை இல்லை, ஒரு கோயில் இல்லை. ஆர் இருப்பினம் இஞ்சை?" இவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை ஒன்பதேமுக்காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினேன். இவர் சட்டை மாற்றி, தலை இழுத்து, உள்ளே போனார். நான் வெளியே தண்ணீர்க் குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். கறுப்புப் போகவே இல்லை. அரை மணித்தியாலம் இருக்கும். இவர் வெளியே வந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னவாம்?"

"கணக்கெல்லாம் ஒண்டும் கேக்கேல்லை. ரெண்டு வருசத்தில மூண்டு வாத்திமார் விட்டிட்டு ஓடிட்டினமாம். நீங்கள் இருப்பீங்களோ எண்டு மட்டும் கேட்டினம்."

"ஓமெண்டு சொன்னீங்கள்தானே?"

"மனிசியைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்."

தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். "உங்களுக்கென்ன பைத்தியமே? இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து, ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?"

"நீர் ரெண்டு நாளாய் என்ன சொல்லிக்கொண்டு வந்தனீர்? நான் உம்மைக் கேக்காமல் ஓமெண்டு சொல்லி, நீர் இதுக்குள்ள கிடந்து அழுதால்?" இவர் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். "பிடிக்காட்டிச் சொல்லும். வேற வழி பாப்பம்."

வேறு வழி இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தேன். ஒரு ரோட்டு. வேலியில் கட்டின மூன்று குதிரைகள். ஒரு கடை. பிறகு கடல், கடல்தான். ஜன்னலுக்குள்ளிருந்து மூன்று பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிடிக்கேல்லை" என்றேன். "எண்டாலும் இருப்பன்."

இவர் உள்ளே போகத் திரும்பினார். நான் விடவில்லை. இந்த மனிதர் உள்ளே போய் இன்னும் என்ன நியாயம் கதைப்பாரோ என்று நானே படியேறிப் போனேன். தலைமை ஆசிரியர், ஒரு பண்ணைக்காரர், வயதான ஒரு மாவோரி அம்மா. மூன்று பேரும் என் கைகளைப் பார்த்தார்கள். நான் அந்தக் கைகளை ஒளிக்கவில்லை.

"நாங்கள் இருப்போம்" என்றேன் ஆங்கிலத்தில். "அதை இப்போதே எழுதித் தாருங்கள். விசாக் கந்தோருக்குக் காட்டவேண்டும்."

தலைமை ஆசிரியர் மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அந்த அம்மா, எழுதிக் கொடுங்கள், இந்தப் பெண் எழுதி வாங்காமல் போகமாட்டாள் என்றார். டைப்ரைட்டர் பக்கத்து அறையில் இருந்தது. தலைமை ஆசிரியர் அடித்து முடிக்கும்வரை அந்த மேசைக்கு முன்னாலேயே நின்றேன். இவருடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தது. திருத்தி மறுபடி அடிக்கச் சொன்னேன்.

கடிதத்தை ஓரங்களில் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன், கறுப்புப் படக்கூடாதென்று. வாசித்தேன். நிரந்தர வேலை என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை இவர் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிப் படிக்கட்டில் குந்தி, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதேன். பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே ஓடிவந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் நிறுத்தவில்லை.